மோல்ட் இன்சர்டுக்கு எந்த உலோகம்? பெரிலியம் காப்பரும் அதன் மாற்றுகளும்

பினாங்கில் செபராங் பிறைப் பக்கம் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மோல்டில், அதாவது உருகிய பிளாஸ்டிக் போய் உறையும் உலோக அச்சில், ஓர் இடம் மட்டும் சூடு இறங்க மறுக்கிறது. திருகு இறங்கும் தடித்த பகுதியின் நடுவே நின்று துளையை உருவாக்கும் கோர் பின்னாக இருக்கலாம். பாட்டில் மூடியின் உள்மரை உருவாகும் இடமாக இருக்கலாம். தண்ணீர்த் துளை போட இடமில்லை. பொருள் வெளியே வரும்போது அங்கே ஒரு குழிவு விழுந்திருக்கும். குழிவு வராமல் இருக்க மோல்டை இன்னும் சில விநாடி மூடி வைக்க வேண்டும். அந்தச் சில விநாடிதான் லாபத்தைத் தின்கிறது. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "பெரிலியம் காப்பர் போட்டுடுங்க, சரியாயிடும்." அதாவது, அந்த இடத்துக்கு மட்டும் பெரிலியம் கலந்த செம்பில் ஒரு தனித் துண்டு (இன்சர்ட்) செய்து மோல்டில் பொருத்தச் சொல்கிறார்.

பல நேரம் அது சரியான ஆலோசனைதான். ஆனால் எல்லா நேரமும் அல்ல. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடும் தேய்மானமும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தால் பெரிலியம் காப்பர் வாங்குங்கள். சூடு மட்டும்தான் தொல்லை என்றால் பெரிலியம் கலக்காத நிக்கல்-சிலிக்கான்-குரோமியம் காப்பரே போதும். இந்த முடிவை மோல்ட் டிசைனரும் பர்ச்சேசிங் ஆளும் மட்டும் எடுக்கக் கூடாது. அந்தத் துண்டைக் கையில் பிடித்துத் தேய்த்து மெருகேற்றப் போகிறவரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி போகும்.

முதலில் இந்தப் பெரிலியம் என்ன பொருள் என்று பார்த்துவிடலாம்.

அணு எண் 4. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியத்துக்கு அடுத்தது. கன சென்டிமீட்டருக்கு 1.85 கிராம்தான் எடை, அலுமினியமே 2.7. அவ்வளவு லேசாக இருந்தும் விறைப்பில் எஃகைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு. 1287 டிகிரி செல்சியஸில்தான் உருகும். லேசு, விறைப்பு, வெப்பம் தாங்குதல் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த உலோகம் வேறு கிடைப்பது அரிது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது; பதினெட்டும் பெரிலியம். மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே போகும் குளிரில் வடிவம் பிசகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எக்ஸ்ரே கதிரை அதிகம் உறிஞ்சாது என்பதால் எக்ஸ்ரே குழாய்களின் ஜன்னலுக்கும் இதே உலோகத்தின் மெல்லிய தகடுதான்.

நம் பட்டறைக்குத் தனிப் பெரிலியம் வராது. நமக்கு வருவது செம்பில் கலந்தது. உலகில் எடுக்கப்படும் பெரிலியத்தில் பெரும்பகுதி போய்ச் சேருவதும் அங்கேதான். பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியாமலே பழக்கமான பொருள். சோதனை சாக்கெட்டில் இருக்கும் போகோ பின், கனெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் தகடு போன்றவற்றுக்குப் பெரிலியம் காப்பரை நிறையப் பயன்படுத்துகிறார்கள். எத்தனையோ ஆயிரம் முறை அழுத்தி விட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும். மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். எண்ணெய், எரிவாயு ஆலைகளில் தீப்பொறி பறக்காத சுத்தியலும் ஸ்பேனரும் செய்வதும் இதில்தான்.

இயற்கையில் இது எங்கே கிடக்கிறது என்று கேட்டால், நம் நகைக்கடைகளிலேயே கிடக்கிறது. நவரத்தினத்தில் மரகதம் ஒரு பெரில் கனிமம். பூனைக்கண் என்று நாம் வாங்கும் வைடூரியம் கிரிசோபெரில் கனிமம். இரண்டிலும் பெரிலியம் உண்டு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மரகத மோதிரம் வாங்கி விரலில் போட்டுக்கொள்வதால் எந்தத் தீங்கும் இல்லை. பெரிலியம் படிகத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. கொங்கு நாட்டில் காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் நீலப்பச்சைப் பெரில் கல் எடுத்திருக்கிறார்கள். கொடுமணல் அகழாய்வில் பெரில் மணி செய்த பட்டறையின் தடயமே கிடைத்திருக்கிறது. நம் முன்னோர் இந்தக் கனிமத்தை அறுத்து இழைத்து ரோமுக்கு அனுப்பிய காலத்துக்கு வெகு காலம் கழித்து, 1798-இல்தான் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் அதற்குள் ஒரு புதிய தனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். உலோகமாகப் பிரித்தெடுக்க 1828 ஆனது. ஜெர்மனியில் வோலரும் பிரான்சில் புஸ்ஸியும் தனித்தனியாக அதைச் செய்தார்கள்.

இன்று தொழிலுக்கு வரும் பெரிலியத்தில் முக்கியப் பங்கு இந்த அழகான கற்களிலிருந்து வருவதல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்போர் மலையில் பெர்ட்ராண்டைட் என்ற தாது வெட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுமில்லாத பாறை. பெரிலியம் அரை சதவீதம்கூடக் கிடையாது. தாதுவிலிருந்து பெரிலியம் பிரித்தெடுக்கும் நாடுகளாக அறியப்படுபவை மூன்றே: அமெரிக்கா, சீனா, கசகஸ்தான். வாங்குகிறவருக்கு இது வெறும் புவியியல் இல்லை. மூன்றே இடத்திலிருந்து வரும் பொருளுக்கு விலை எஃகைப்போல இருக்காது. நமக்கு வேண்டிய கனத்தில் இங்கே கையிருப்பு இல்லாவிட்டால் காத்திருக்கவும் வேண்டும்.

சரி, மோல்டுக்கு வருவோம்.

எந்த உலோகம் என்று பேசுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். காப்பர் இன்சர்ட் சூட்டை விழுங்கிவிடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். அந்த இன்னோரிடத்தில் ஓடும் தண்ணீர் வேண்டும். லைனில் துரு அடைத்திருந்தாலோ, பத்து இடத்தைத் தொடராகக் கோத்து ஒரே குழாயில் விட்டிருந்தாலோ, எவ்வளவு விலை கொடுத்து எந்தக் காப்பர் போட்டாலும் பலன் பாதிதான். இன்சர்டின் அடிப்பகுதி தட்டோடு சரியாக ஒட்டி உட்காரவில்லை என்றாலும் அப்படியே. நடுவில் நிற்கும் மெல்லிய காற்றிடைவெளி சூட்டை மறித்துவிடும். லைனைக் கழுவி, ஓட்டத்தை அளந்து, முடிந்த இடத்தில் பேஃபிள் (துளைக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும் தகடு) போட்டுப் பார்த்த பிறகும் அந்த இடம் சூடாகவே இருந்தால்தான் உலோகத்தை மாற்றும் பேச்சு.

எஃகிலிருந்தே தொடங்கலாம். மோல்டுக்கு வழக்கமாகப் போடும் பி20 எஃகின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 30 வாட். எச்13 எஃகு அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் 50 எச்ஆர்சி (கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவு) வரை கடினமாக்கலாம். தேய்மானத்துக்கும் விறைப்புக்கும் எஃகுதான் ராஜா. ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். சூட்டைக் கடத்துவதில்தான் பின்தங்கிவிடுகிறது. எஃகிலேயே வளைந்து வளைந்து போகும் தண்ணீர்ப் பாதையோடு 3டி முறையில் அச்சடித்த இன்சர்ட் இப்போது கிடைக்கிறது. நல்ல தீர்வு, பெரிய கோருக்கு யோசிக்கலாம். 6 மில்லிமீட்டர் பின்னுக்குள் அந்தப் பாதைக்கு இடமிருக்காது.

அடுத்தது, 'பெரிலியம் காப்பர்' என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் குறிக்கப்படும் சி17200 என்ற எண்ணுள்ள கலவை. செம்பில் ஏறக்குறைய 1.8 முதல் 2 சதவீதம் பெரிலியம், கொஞ்சம் கோபால்ட் அல்லது நிக்கல். சுத்தச் செம்பு 390 வாட் வரை கடத்தும், ஆனால் மோல்டுக்கு ஆகாத மென்மை. இந்த இரண்டு சதவீதம் செய்கிற வேலை வியப்பானது. அதிகச் சூட்டில் பெரிலியத்தைச் செம்புக்குள் கரையவைத்துச் சட்டென்று குளிர்வித்த கலவையை 315 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், பெரிலியம் செறிந்த நுண்துகள்கள் செம்புக்குள் எங்கும் பிரிந்து நிற்கும். செம்பின் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போவதை அவை தடுக்கும். கடினம் 40 எச்ஆர்சி வரை ஏறும். கடத்துத்திறன் 105 முதல் 130 வாட். அதாவது பி20-ஐப்போல நான்கு மடங்கு. இந்தக் கடினத்தையும் இந்தக் கடத்தலையும் ஒன்றாகத் தரும் வேறு காப்பர் கலவை சந்தையில் கிடையாது. அதனால்தான் பல பத்தாண்டுகளாக மோல்ட் தொழில் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கடினம் வேறு, விறைப்பு வேறு. தனிப் பெரிலியம் எஃகைவிட விறைப்பானது என்று மேலே சொன்னேன். அது செம்புக்குள் இரண்டு சதவீதமாகக் கரைந்த பிறகு அந்தக் குணம் வராது. சி17200-இன் மீள்குணகம் சுமார் 130 கிகாபாஸ்கல், எஃகுக்கு 205. அதே தடிப்பில் அதே நீளத்தில் பின் செய்தால், பிளாஸ்டிக் அழுத்தத்துக்குக் காப்பர் பின் எஃகுப் பின்னைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வளையும். நீளமான மெல்லிய கோர் பின்னில் சுவரின் ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்து வந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். சூட்டில் விரிவதும் எஃகைவிடக் கூடுதல். 50 மில்லிமீட்டர் இன்சர்ட் 60 டிகிரி சூடேறினால், சுற்றியுள்ள எஃகைவிடச் சுமார் 0.015 மில்லிமீட்டர் அதிகமாக நீளும். மூடும் முகங்களில் பிளாஷ் (பிளாஸ்டிக் கசிந்து நிற்கும் மெல்லிய ஓரம்) வராமல் இருக்க அந்த அளவை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, பெரிலியம் குறைந்த சி17510. 0.2 முதல் 0.6 சதவீதம் பெரிலியம், கூடவே நிக்கல். கடத்தல் 200 வாட்டுக்கு மேல். கடினம் 20 எச்ஆர்சி பக்கம்தான்.

நான்காவது, பெரிலியமே இல்லாத நிக்கல்-சிலிக்கான்-குரோமியம் காப்பர். சி18000 என்ற எண்ணில் வருவது இந்தக் குடும்பம். வகையைப் பொறுத்துக் கடத்தல் 150 முதல் 200 வாட் வரை. கடினமான வகைகள் 28, 30 எச்ஆர்சி வரை வரும். அதாவது முன்கடினமாக்கிய பி20 அளவுக்கு. இந்த இரண்டு எண்ணையும் சி17510-இன் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடத்தலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் கடினத்தில் முந்துகிறது, பெரிலியமும் இல்லை. அதனால் நம் ஊர்ப் பட்டறையில் சி17510-க்கு இடமிருப்பதாக நான் நினைக்கவில்லை. பழைய ட்ராயிங்கில் அதுதான் எழுதியிருக்கிறது என்றால் வாடிக்கையாளரிடம் பேசி மாற்றிவிடுவது நல்லது. காரணத்தைச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

செம்பு-நிக்கல்-டின் கலவையும் உண்டு. 30 எச்ஆர்சி, கடத்தல் 65 வாட் போல. உரசி நகரும் ஸ்லைடுகளுக்கு நன்று. அலுமினியம் 7075 சோதனை மோல்டுக்கும் சின்ன எண்ணிக்கைக்கும் சரி. லட்சக்கணக்கில் அடிக்கும் மோல்டில் மூடும் முகத்துக்கு வேண்டாம்.

இதுவரை பார்த்த எண்கள் எல்லாம் கேட்டலாக்கில் இருப்பவை. கேட்டலாக்கில் எண்ணைத் தேடுகிறவர் கண்ணில் படாததுதான் தூசு.

பெரிலியம் காப்பர் கட்டியாக இருக்கும்போது அதைத் தொடலாம், தூக்கலாம், மோல்டில் பூட்டலாம். வார்த்த பிளாஸ்டிக்கிலும் எதுவும் ஒட்டாது. நுண்தூசாகவோ புகையாகவோ மூச்சில் போகும்போதுதான் ஆபத்து. சிலருடைய உடல் பெரிலியத்தை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. அதன்பின் நுரையீரலில் சின்னச் சின்னக் கணுக்கள் உருவாகி, மெல்ல மெல்ல மூச்சு குறைகிறது. வறட்டு இருமல், மாடி ஏறினால் இளைப்பு, காரணமில்லாத களைப்பு, உடல் மெலிதல். சார்காய்டோசிஸ் என்ற வேறொரு நோயாக மருத்துவர்கள் கணித்துவிடுவதும் நடக்கிறது, ஏனென்றால் இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கும். வேலையை விட்டுப் பத்து இருபது வருடம் கழித்துக்கூட வரலாம். ஸ்டீராய்டு கொடுத்துக் கட்டுப்படுத்தலாம், குணமாக்க வழியில்லை. யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு. அதனால் "நான் இருபது வருஷமா தேய்க்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணே" என்று ஒருவர் சொல்வது அவரைப் பற்றிய செய்தி மட்டுமே. பக்கத்து மேசையில் நிற்கும் தம்பிக்கு அது பொருந்தாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் பெரிலியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

எவ்வளவு தூசு ஆபத்து? இந்தக் கணக்கை ஒருமுறை எல்லாரும் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2017-இல் கொண்டுவந்த விதிப்படி எட்டு மணி நேர வேலையின் சராசரியாகக் காற்றில் இருக்கக்கூடிய பெரிலியம் ஒரு கன மீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். இரண்டு சதவீதக் கலவையைத் தேய்த்தால் வரும் தூசில் ஐம்பதில் ஒரு பங்கு பெரிலியம். ஆகவே அந்தக் கலவையின் தூசு காற்றில் 10 மைக்ரோகிராம் இருந்தாலே எல்லை தொட்டாயிற்று. தனி ஆபத்து இல்லாத சாதாரணத் தூசுக்கு வழிகாட்டியாக வைக்கும் அளவு 10 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். பட்டறையில் வெயில் விழும் இடத்தில் தூசு மிதப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே இந்த எல்லை தாண்டப்பட்டிருக்கும். அரை சதவீதக் கலவைக்கு அதே கணக்கு 40 மைக்ரோகிராம். நான்கு மடங்கு நல்லதுதான், ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அளவே. 'குறைந்த பெரிலியம்' என்ற லேபிளைப் பார்த்து மாஸ்க்கைக் கழற்றிவிட முடியாது.

இந்த 0.2 என்ற எண்ணும் சுலபமாக வந்துவிடவில்லை. 1940-களில் அமெரிக்காவின் ஒளிர்குழல் விளக்குத் தொழிற்சாலைகளில் பெரிலியம் கலந்த பூச்சுப் பொடி பயன்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் சேலத்தில் அங்கே வேலை செய்த இளம்பெண்கள் நோயில் விழுந்தார்கள். மருத்துவர் ஹாரியட் ஹார்டி 1946-இல் அதை எழுதி வெளியிட்டார். 1949-இல் விளக்குகளில் பெரிலியம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க அணுசக்தி ஆணையத்துக்காக 2 மைக்ரோகிராம் என்று ஓர் எல்லை வகுத்தார்கள். அதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க ஏறக்குறைய எழுபது ஆண்டு பிடித்தது. தொழிற்சாலைக்கு உள்ளேயே போகாமல், வேலை உடுப்பைத் துவைத்ததால் நோய் வந்ததாகவும் அந்தக் காலத்துப் பதிவுகளில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே சொல்கிறேன்: பெரிலியம் காப்பர் தேய்த்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

இப்போது நம் பட்டறைக்குள் எந்த வேலையில் தூசு வருகிறது என்று பார்த்தால், மில்லிங், டர்னிங், டிரில்லிங் ஆகியவை கூலண்டு (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும்போது பெரிய தொல்லையில்லை. சுருள் சுருளாகச் சீவல் விழும். காற்றில் போவது குறைவு. கூலண்டு தெறித்துக் காய்ந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். உலர் கிரைண்டிங் வேண்டவே வேண்டாம். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் தூசு எண்ணெயில் தங்கிவிடும், ஆனால் அந்த எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுகிறவர் அதைக் கையாள வேண்டியிருக்கும். பெரிய ஆபத்து இரண்டு இடத்தில்தான். ஒன்று பாலிஷ் மேசை.

பாலிஷ் செய்கிறவரைக் கவனித்துப் பாருங்கள். இன்சர்டை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்திருப்பார், பளபளப்பு தெரிய வேண்டும் அல்லவா? கல் போட்டு இழைப்பார், எமரித் தாள் மாற்றுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏர் கன்னை எடுத்து 'உஸ்' என்று ஊதி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அந்த ஊதல்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. எண்ணெயோடு ஈரமாக இழைத்து, ஊதாமல் துடைத்தால் பாதிக்கு மேல் ஆபத்து அங்கேயே அடங்கிவிடும். மீதிக்கு மேசையருகே உறிஞ்சும் குழாயும் நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் வேண்டும். கடையில் பெட்டியாக விற்கும் நீல மாஸ்க் இதற்கு ஆகாது. முகத்தோடு பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்த்த, பி100 தர ஃபில்டர் உள்ள ரெஸ்பிரேட்டர்தான் உதவும்.

இன்னொன்று வெல்டிங். இன்சர்டின் ஓரம் சிதைந்துவிட்டால் டிக் வெல்டிங்கால் நிரப்பித் திரும்ப வெட்டுவது வழக்கம். எஃகில் அது அன்றாட வேலை. பெரிலியம் காப்பரில் அந்தப் புகை மிகவும் கெட்டது. சரியான உறிஞ்சி இல்லாத பட்டறை அதைத் தொடவே கூடாது; புது இன்சர்ட் செய்துவிடுவது மேல். வாங்கும்போது யாரும் இந்தச் செலவை எண்ணுவதில்லை, மோல்ட் ஐந்தாறு வருடம் ஓடிய பிறகுதான் வரும் என்பதால்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. மலேசியாவின் 1994 தொழில்சார் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் 2022 திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 'நம்முடையது சின்னப் பட்டறை' என்று ஒதுங்க இடமில்லை. ஆபத்தான இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஜேகேகேபியில் (தொழில்சார் பாதுகாப்பு சுகாதாரத் துறை) பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு இரசாயன ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். பெரிலியம் காப்பரைத் தேய்க்கும் பட்டறை அந்த மதிப்பீட்டில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்; 'காப்பர்' என்று மட்டும் எழுதிவைத்தால் மதிப்பீட்டாளருக்கும் தெரியாது, பின்னாளில் மருத்துவருக்கும் தெரியாது. வேலை செய்தவர் ஒருநாள் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தொழில்நோய் என்று போய் நின்றால் அந்தத் தாள்தான் அவருக்குத் துணை.

இனிப் பணக் கணக்கு. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நான்கு கேவிட்டி மோல்ட், அதாவது ஒரு ஷாட்டுக்கு நான்கு பொருள்; மூடித் திறந்து முடியும் ஒரு சைக்கிள் 24 விநாடி. மணிக்கு 150 ஷாட், 600 பொருள். காப்பர் இன்சர்ட் போட்டு 20 விநாடிக்கு வந்தால் 180 ஷாட், 720 பொருள். நாளுக்கு இருபது மணி நேரம் ஓடினால் 2,400 பொருள் கூடுதல். அந்த வருமானத்துக்கு முன்னால் இன்சர்ட் உலோகத்தின் விலை ஒன்றுமே இல்லை, எந்தக் காப்பராக இருந்தாலும். ஆகவே விலையைக் காட்டி எஃகிலேயே நின்றுவிடுவது பல நேரம் தப்புக் கணக்கு. ஆனால் அந்த நான்கு விநாடியில் மூன்றரையைப் பெரிலியம் இல்லாத காப்பரும் தந்துவிடுமா என்று கேளுங்கள். சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால் பெரும்பாலும் தரும், சில இடத்தில் அதற்கு மேலும் தரும், ஏனென்றால் கடத்தலில் அது சி17200-ஐவிட மேல். அப்படியானால் உறிஞ்சி, ரெஸ்பிரேட்டர், மருத்துவச் சோதனை, தனி உடுப்பு எல்லாவற்றையும் எதற்காகத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

சில வழக்கமான வேலைகளுக்கு நான் என்ன சொல்வேன் என்றால்: பாலிப்ரோப்பிலீன் மூடி, வாளி, பெட்டி போன்றவற்றில் தடித்த மூலை சூடாக நின்றால் சி18000 குடும்பம். யோசிக்கவே வேண்டாம். கண்ணாடி இழை கலந்த நைலானில் கனெக்டர் அடிக்கிறீர்கள், மெல்லிய கோர், ஓரங்கள் எஃகோடு மோதி மூடுகின்றன என்றால் அங்கே 30 எச்ஆர்சி சீக்கிரம் தேய்ந்துவிடும். சி17200 போடுங்கள், மேலே நிக்கல் அல்லது குரோம் முலாம் ஏற்றுங்கள். அப்புறம், ஏற்கெனவே கடினமாக்கிய நிலையில் வாங்கி, கூலண்டோடு முடிந்தவரை இறுதி அளவுக்கே மில்லிங் செய்துவிடுங்கள். கையால் இழைக்க வேண்டியது குறையக் குறைய நல்லது. கடைசி மெருகை, சரியான வசதியுள்ள பாலிஷ் கடைக்கு, என்ன பொருள் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பிவிசி குழாய் இணைப்புகளுக்கு எந்தக் காப்பரும் எனக்குச் சம்மதமில்லை. அதிலிருந்து வரும் அமில ஆவி செம்பைத் தின்னும். கடினமாக்கிய துருப்பிடிக்காத எஃகும் நல்ல தண்ணீர்ப் பாதையும் போதும். நீளமான, விரல் கனத்துக்கும் குறைந்த பின் வளைகிறது என்றால் அதற்கும் எஃகுதான், நடுவில் துளைக்க முடிந்தால் பப்ளரோடு (பின்னின் உள்ளே தண்ணீரைக் கொண்டுபோகும் சின்னக் குழாய்).

புது மோல்டுக்கு இது சரி. ஏற்கெனவே ஷெல்பில் உட்கார்ந்திருக்கும் பழைய மோல்டுகளில் என்ன இருக்கிறது? மோல்டுக்குள் போன பிறகு காப்பர் கலவைகளைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. எல்லாமே மஞ்சளும் சிவப்புமாக ஒன்றுபோல இருக்கும். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே சோதனைக் கருவி இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. பெரிலியம் அவ்வளவு லேசான அணு என்பதால் அந்தக் கருவியின் கண்ணுக்கே தென்படாது. செம்பு, கோபால்ட், நிக்கல் என்று காட்டிவிட்டு நின்றுவிடும். கோபால்ட் கொஞ்சம் காட்டினால் சந்தேகப்படலாம், அவ்வளவே. லேசர் பொறியால் சோதிக்கும் லிப்ஸ் வகைக் கருவி பெரிலியத்தைப் பிடிக்கும். அது இல்லாத இடத்தில் ட்ராயிங்கையும் பொருள் சான்றிதழையும் தேடி எடுங்கள். எதுவும் கிடைக்காத காப்பர் இன்சர்டை பெரிலியம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். தெரிந்தவற்றில் பின்பக்கம் எண்ணைப் பொறித்துவிடுங்கள். பேனாவில் எழுதினால் முதல் கழுவலில் போய்விடும்.

சீவலையும் பழைய இன்சர்டையும் தனி டிரம்மில் மூடி, பெயர் ஒட்டி வையுங்கள். கலக்காத பெரிலியம் காப்பர் சீவலுக்கு நல்ல விலையும் உண்டு. பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது வாயால் சொன்னால் போதாது, ரசீதிலும் எழுதிக் கொடுங்கள். அதை உருக்கப் போகிறவர் இந்த ஊரிலோ வேறு நாட்டிலோ உலைக்கு முன்னால் நிற்கும் இன்னொரு தொழிலாளி. அவருக்கும் இந்தத் தகவல் போய்ச் சேர வேண்டும்.